மரத்துக்காக முதலைக் கண்ணீர்!

"காகிதத்தை மிச்சப்படுத்துங்கள், மரத்தைக் காப்பாற்றுங்கள்!" என்று பாங்கி நமக்கு உபதேசம் செய்கிறது. டெலிபோன் கம்பெனியும் அதையே சொல்கிறது. ஒரு பச்சை இலைப் படத்தைப் போட்டு, "இனிமேல் உங்களுக்குக் காகிதத்தில் கணக்கு அனுப்பமாட்டோம், இயற்கையைக் காப்பதில் எங்களோடு சேருங்கள்" என்று அழைக்கிறார்கள். தபால் செலவு மிச்சமாவது அவர்களுக்கு. பாவமன்னிப்பு கேட்க வேண்டியது நாம்! பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகளுக்கும் இந்தப் பாடம்தான் நடக்கிறது. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதிய பிள்ளை, காட்டை வெட்டிய குற்றவாளியைப் போலத் தலைகுனிந்து நிற்கிறது.

நாம் கேட்கிறோம்: ஒரு விவசாயத் தொழிலாளியின் குடிசையில் வருஷத்துக்கு எத்தனை காகிதம் நுழைகிறது? பிள்ளையின் பாடப்புத்தகம், நாலைந்து நோட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, கடையில் கட்டித் தரும் பொட்டலம், வட்டிக்கடைக்காரர் கையெழுத்து வாங்கும் புரோநோட்டு. அவ்வளவுதான். (கடைசியில் சொன்னதை மிச்சப்படுத்த நமக்கும் ஆசைதான்.) உலகத்தில் தயாராகும் காகிதத்தில் பாதிக்கு மேல் எழுதுவதற்கும் படிப்பதற்கும் போகவில்லை. சரக்கைச் சுற்றவும், அட்டைப்பெட்டி செய்யவும் போகிறது. ஒரு சோப்புக்கு ஓர் அட்டை, பன்னிரண்டு சோப்புக்கு ஒரு பெட்டி, பன்னிரண்டு பெட்டிக்கு இன்னொரு பெரிய பெட்டி! இதை முடிவு செய்கிறவன் குடிசையில் இல்லை.

காகித உற்பத்தியால் காடு அழிந்தது உண்மை. ஆறு கெட்டது உண்மை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஆலையின் செலவைத் தன் கணக்குப் புத்தகத்தில் எழுதாமல் காட்டின் கணக்கிலும் ஆற்றின் கணக்கிலும் எழுதியவன் யார் என்று கேட்டால் மட்டும் பச்சை இலைக்காரர்களுக்குக் காது கேட்பதில்லை. கரையில் உழுகிற தொழிலாளியையும் ஆலைக்குள் உழைக்கிற தொழிலாளியையும் மோதவிட்டு, நடுவில் லாபத்தை எடுத்துக்கொண்டு போனவனைப் பற்றியே இன்று எழுதப் போகிறோம்.

குப்பையில் பிறந்த பொருள்

மரத்தை வெட்டினால்தான் காகிதம் என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். காகிதம் பிறந்ததே குப்பையிலிருந்து. கி.பி. 105ல் சீனத்தில் சாய் லுன் என்ற அரண்மனை அதிகாரி காகிதம் செய்யும் முறையை அரசனிடம் அறிவித்தார் என்பது வரலாறு. மரப்பட்டை, சணல், கந்தல் துணி, கிழிந்த மீன்வலை, இவைதான் அவருடைய மூலப்பொருள்கள். அதற்குப் பிறகு ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கு மேலாக உலகம் பெரும்பாலும் கந்தலிலும் நாரிலும்தான் எழுதியது. ஐரோப்பாவில் தெருத்தெருவாகக் கந்தல் பொறுக்கியவர்களின் உழைப்பில்தான் புத்தகங்கள் அச்சாயின. நம் பனியன் கம்பெனிகளின் வெட்டுத் துண்டுகளிலிருந்து இன்றும் கைக்காகிதம் செய்கிறார்கள்; உரமான காகிதம்.

பழைய காகிதத்திலிருந்து புதுக்காகிதம் செய்வதும் இன்றைய கண்டுபிடிப்பல்ல. 1774ல் ஜெர்மனியில் யுஸ்டுஸ் கிளாப்ரோத் என்ற சட்டப் பேராசிரியர், அச்சடித்த தாளின் மையைக் கழுவி நீக்கி மறுபடி தாளாக்கும் வழியை எழுதி வெளியிட்டார். 1800ல் இங்கிலாந்தில் மத்தியாஸ் கூப்ஸ் என்பவர் இதற்கு உரிமைப் பட்டயம் பெற்று லண்டனில் ஆலையும் வைத்தார். அந்த ஆலை நொடித்துப் போனது. 1840களில் மரத்தை அரைத்துக் கூழாக்கும் வழி வந்ததும், மலிவாகக் காடு கிடைத்ததும், முதலாளிகளுக்குக் கந்தலும் வேண்டாம், பழைய தாளும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. காடு மலிவாகக் கிடைத்தது என்றால், அதற்கு விலை கொடுக்கவில்லை என்று பொருள்.

நம் நாட்டில் அது மூங்கிலாக வந்தது. வெள்ளைக்காரன் 1925ல் மூங்கில் காகிதத் தொழிலுக்குப் பாதுகாப்புத் தரச் சட்டமே இயற்றினான். சுதந்திரம் வந்த பிறகு மூங்கிலுக்கு எத்தகைய சுதந்திரம் வந்தது? கர்நாடகத்தில், காளி நதிக்கரையில் தாண்டேலி என்ற ஊர். அங்கே எழுந்த மேற்குக் கரைக் காகித ஆலைக்கு 1958ல் காட்டு மூங்கிலை டன் 1 ரூபாய் 50 பைசாவுக்கு சர்க்கார் கொடுத்தது. ஒரு டன்! கூடை முடைந்து பிழைக்கும் ஏழை அதே மூங்கிலைக் கடைத்தெருவில் அதைப்போல் பன்மடங்கு விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தான்.

சும்மா கிடைத்த பொருளுக்கு யார் மதிப்புத் தருவார்கள்? அங்குள்ள முள் மூங்கில், புதரின் அடியில் முள்கொடியைப் பின்னிக்கொண்டு வளரும். வெட்டுவதற்கு இடைஞ்சல் என்று அடிமுள்ளை எல்லாம் அரிந்து தள்ளினார்கள். இப்படிச் சுத்தம் செய்தால் புதர் நன்றாக வளரும் என்று வன இலாகாவும் நம்பியது. ஊர்க்காரர்களோ, "ஐயா, அந்த முள்தான் இளங்குருத்துக்கு வேலி" என்றார்கள். யார் கேட்டார்கள்? முள் போனதும் ஆடும் மாடும் மானும் குரங்கும் குருத்தைத் தின்று தீர்த்தன. பின்னால் மாதவ் காட்கில் முதலான விஞ்ஞானிகள் ஆராய்ந்து, ஊர்க்காரர் சொன்னதே சரி என்று எழுதினார்கள். அதற்குள் பக்கத்துக் காடு ஓய்ந்து, ஆலை தூரத்துக் காடுகளைத் தேடத் தொடங்கிவிட்டது. கூடை முடைந்தவன் எங்கே போனான் என்பதை எந்த அறிக்கையும் எழுதவில்லை.

கறுப்புத் தண்ணீர்

ஆலைக்குள் நடப்பதைக் கரையோரத் தோழர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆலைத் தோழர்கள் பொறுத்துக்கொள்க.

மரத்திலும் மூங்கிலிலும் கரும்புச் சக்கையிலும் நார் இருக்கிறது. நாரோடு நாரை ஒட்டவைக்கும் லிக்னின் என்ற பசையும் இருக்கிறது. காகிதத்துக்கு நார்தான் வேண்டும். ஆகவே சீவிய மரத்தைப் பெரிய கொப்பரையில் போட்டு, காஸ்டிக் சோடா முதலிய காரங்களை ஊற்றி, அழுத்தத்தில் வேகவைக்கிறார்கள். பசை கரைந்து கறுப்புத் தண்ணீராக வடிகிறது. மரத்தில் ஏறத்தாழப் பாதிதான் கூழாகிறது. மறுபாதி அந்தக் கறுப்புத் தண்ணீரில் போய்விடுகிறது. அதை ஆற்றில் விட்டால் ஆற்றின் பிராணவாயு தீர்ந்து மீன் மிதக்கும். வயலில் பாய்ந்தால் சோடாவின் உப்பு மண்ணில் இறங்கி, நல்ல நிலம் களராகும். களர் நிலத்தில் மண்வெட்டி போட்ட தோழருக்கு அது எப்படி இருக்கும் என்று நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

இதற்கு வழி இல்லையா? இருக்கிறது, வெகுகாலமாக இருக்கிறது. கறுப்புத் தண்ணீரைச் சுண்டவைத்துக் கொதிகலனில் எரித்தால் நீராவியும் கிடைக்கும், சோடாவில் பெரும்பகுதி திரும்பியும் வரும். பெரிய ஆலைகள் இதைச் செய்கின்றன. இதில் லாபம் உண்டு. 1970களில் வைக்கோலையும் சக்கையையும் வைத்து நாடெங்கும் கிளம்பிய சிறிய ஆலைகள் இதைச் செய்யவில்லை. வைக்கோலில் உள்ள சிலிக்கா குழாயை அடைக்கும், மீட்பு யந்திரத்துக்குப் பணம் அதிகம் என்று காரணம் சொன்னார்கள். யந்திரத்துக்குப் பணம் இல்லை, ஆறு மட்டும் இலவசம்!

வெளுப்பது அடுத்த கதை. கூழில் மிச்சமிருக்கும் பசையைக் குளோரின் வாயுவால் வெளுத்தபோது டயாக்சின் போன்ற விஷங்கள் பிறந்தன. 1980களில் மேல்நாட்டு ஆலைகளின் கழிவில் இதைக் கண்டுபிடித்து, படிப்படியாகக் குளோரின் வாயுவைக் கைவிட்டார்கள். அது இல்லாமலும் வெள்ளைத் தாள் செய்யலாம். பழுப்புத் தாளானால் வெளுக்கவே வேண்டாம்.

இங்கே சர்க்கார் என்ன செய்தது? 2003ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலை முதலாளிகளோடு ஓர் உடன்பாடு எழுதிக்கொண்டது. அதன்படி 1992க்கு முந்திய பெரிய ஆலைகள் ஒரு டன் காகிதத்துக்கு வெளியேற்றும் கழிவுநீரை இரண்டு வருஷத்துக்குள் 140 கனமீட்டருக்குக் கீழும், நாலு வருஷத்துக்குள் 120 கனமீட்டருக்குக் கீழும் கொண்டுவர வேண்டும். 140 கனமீட்டர் என்றால் 1,40,000 லிட்டர். ஒரு டன்னுக்கு! அவ்வளவு கழிவுக்குக் கீழே இறங்குவதையே ஒரு சாதனையாக எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது என்றால், அதற்கு முந்திய நிலையை யூகித்துக்கொள்ளுங்கள். சிறிய ஆலைகள் சோடா மீட்பு அமைக்க வேண்டும், அல்லது பழைய காகிதத்துக்கு மாற வேண்டும் என்றும் அதில் எழுதினார்கள். ஆக, பல ஆலைகள் பழைய காகிதத்துக்கு வந்தது ஞானோதயத்தால் அல்ல.

சாலியாற்றங்கரையில்

இனி எழுதப்போவது நமக்கே கசப்பானது. எழுதாமல் விட்டால் மற்றவர்களைக் கேள்வி கேட்கும் யோக்கியதை நமக்கு இல்லை.

கேரளத்தில் 1957ல் தோழர் இ.எம்.எஸ். தலைமையில் நமது மந்திரிசபை அமைந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய நாடு. தொழில் வேண்டும் என்று 1958ல் பிர்லாவோடு ஒப்பந்தம் செய்தார்கள். கோழிக்கோடு ஜில்லாவில், சாலியாற்றங்கரையில் மாவூரில் கூழ் ஆலை. மூங்கில் விலை டன் ஒரு ரூபாய்! நிலச் சீர்திருத்தத்துக்காக நாட்டையே நிமிர வைத்த மந்திரிசபை, மூங்கில் விஷயத்தில் பிர்லாவிடம் ஏமாந்தது என்றே நாம் சொல்கிறோம். "அந்தக் காலத்தில் எல்லா ராஜ்யங்களும் அப்படித்தான் கொடுத்தன" என்று சில தோழர்கள் பதில் கூறுகிறார்கள். எல்லாரும் செய்ததைச் செய்யவா ஜனங்கள் நம்மைத் தேர்ந்தெடுத்தார்கள்?

அந்த ஆலை செய்தது ரேயான் நூலுக்கான கூழ், காகிதக் கூழ் அல்ல. ஆனால் இரண்டும் அக்காள் தங்கை. கொப்பரையும் காரமும் கழிவும் ஒரே மாதிரிதான். 1963ல் ஆலை ஓடத் தொடங்கியது. ஆறு கறுத்தது, மீன் செத்தது. அக்கரையில் வாழக்காடு கிராமத்து ஜனங்கள் கிளர்ந்தார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் பஞ்சாயத்துத் தலைவர் கே.ஏ. ரஹ்மான்.

இந்தச் சமயத்தில்தான் முதலாளியின் பழைய தந்திரம் வேலை செய்தது. "ஆற்றைப் பற்றிப் பேசினால் ஆலையை மூடுவேன்" என்பது அந்தத் தந்திரம். ஆலைத் தொழிலாளிக்கு ரஹ்மான் எதிரியாகத் தெரிந்தார். வாழக்காட்டுக்காரனுக்கு ஆலைத் தொழிலாளி எதிரியாகத் தெரிந்தான். மூவாயிரம் தொழிலாளிகளின் அடுப்பு ஒரு பக்கம், பல கிராமங்களின் கிணறு இன்னொரு பக்கம் என்று நிறுத்திவிட்டார்கள்.

தொழிலாளிக்காகத்தான் ஆலை ஓடியதா? 1985ல் கூலிக்காகத் தொழிலாளிகள் போராடியபோது என்ன நடந்தது? ஆலை மூடப்பட்டு மூன்று வருஷம் கிடந்தது. பட்டினியும் கடனும் தாங்காமல் சில தொழிலாளிகள் தற்கொலை செய்துகொண்டார்கள். 1988ல்தான் கதவு திறந்தது. அப்போது ஆற்றைப் பற்றிப் பேசியவர்களா கதவைச் சாத்தினார்கள்? ரஹ்மான் 1999 ஜனவரியில் புற்றுநோயால் இறந்தார். அதே வருஷம் உற்பத்தி நின்றது. 2001ல் ஆலை நிரந்தரமாக மூடப்பட்டது. மூங்கில் முன்போல் மலிவாகக் கிடைக்கவில்லை, யந்திரம் பழசு, புது யந்திரம் போட முதலாளிக்கு மனமில்லை. நாற்பது வருஷம் எடுத்த லாபத்தில் ஒரு பங்கைக் கழிவைச் சுத்திகரிப்பதில் போட்டிருந்தால் ஆலையும் நின்றிருக்கும், ஆறும் நின்றிருக்கும் என்பதே நம் கருத்து. கடைசியில் வாழக்காட்டுக்காரனுக்குக் கெட்ட ஆறும், மாவூர்த் தொழிலாளிக்குப் பூட்டிய கதவும் மிஞ்சின.

முதல் ஷிப்டு

அப்படியானால் பழைய காகிதம் நல்லதா? நல்லதுதான். இதில் நமக்குச் சந்தேகம் இல்லை. கொப்பரை இல்லை, கறுப்புத் தண்ணீர் இல்லை. பெரிய ஆட்டுரல் போன்ற தொட்டியில் பழைய தாளையும் தண்ணீரையும் போட்டுச் சுழற்றினால் நார் பிரிகிறது. கம்பி, பசை, பிளாஸ்டிக்கை சல்லடையில் பிரிக்கிறார்கள். வெள்ளைத் தாள் வேண்டுமானால் சோப்பும் காற்றும் செலுத்த, மை நுரையோடு மேலே வருகிறது, வழித்துத் தள்ளுகிறார்கள். மரத்திலிருந்து செய்வதைவிடத் தண்ணீரும் மின்சாரமும் குறைவு. குறையும் உண்டு. ஒவ்வொரு தடவையும் நார் குட்டையாகும். ஐந்து முதல் ஏழு தடவைக்கு மேல் தாங்காது. ஆகவே கொஞ்சம் புது நார் எப்போதும் வேண்டும். அதற்கும் காட்டை வெட்டத் தேவையில்லை. 1979ல் தமிழ்நாடு சர்க்கார் தொடங்கிய புகளூர்க் காகித ஆலை கரும்புச் சக்கையைக் கொண்டு காகிதம் செய்து காட்டியது. சர்க்கரை ஆலை எரித்துக்கொண்டிருந்த சக்கையை வாங்கி, பதிலுக்கு நிலக்கரி கொடுத்தது. பழைய தாளின் மை நீக்கும் பிரிவும் பின்னால் அங்கே வந்தது. குறைகள் அங்கும் உண்டு. ஆனால் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

பச்சை இலை போட்ட நோட்டுப் புத்தகத்தில் எழுதாத ஒன்று இருக்கிறது. அந்த ஆலையின் முதல் ஷிப்டு விடியற்காலை நாலு மணிக்குக் குப்பைத்தொட்டி ஓரத்தில் தொடங்குகிறது. சாக்கை முதுகில் போட்டுக்கொண்டு போகும் தாய்மார்கள்தான் அந்த ஆலையின் மூலப்பொருள் இலாகா. அவர்களுக்குக் கேட் பாஸ் இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, போனஸ் இல்லை. பொறுக்குகிறவரிடமிருந்து கடைக்கு, கடையிலிருந்து மொத்த வியாபாரிக்கு, அங்கிருந்து ஆலைக்கு. ஒவ்வொரு தராசிலும் ஒரு கை விழுகிறது. நம் பத்திரிகையின் விற்காத பிரதிகளையும் கட்டிப் பழைய பேப்பர் கடைக்குத்தான் அனுப்புகிறோம். எடை போட்டுக்கொண்டே அந்தப் பெரியவர் ஒருநாள் கேட்டார்: "தோழரே, எல்லாத் தொழிலாளியைப் பற்றியும் எழுதறீங்க. எங்களைப் பற்றி எப்ப?" நமக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

குப்பை பொறுக்குவோரை நகராட்சிகள் அங்கீகரித்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 2016ஆம் வருஷத்துத் திடக்கழிவு விதிகள் கூறின. எத்தனை ஊரில் நடந்தது? இதற்கிடையில் அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் லட்சக்கணக்கான டன் பழைய காகிதம் கப்பலில் இறங்குகிறது. 2018ல் சீனம் கலப்புக் காகிதக் குப்பைக்குக் கதவைச் சாத்தியதும் இந்தியாவின் பக்கம் இன்னும் அதிகம் திரும்பியது. வெளிநாட்டுச் சரக்கு மலிந்தால் நம் தாய்மார்களின் சாக்கு விலை சரிகிறது. அந்தச் சிப்பங்களில் பிளாஸ்டிக்கும் கலந்து வருகிறது. உத்தரப் பிரதேசத்து முசாபர்நகர் ஆலைகளைச் சுற்றி அந்தப் பிளாஸ்டிக்கை எரித்துக் காற்றைக் கெடுத்தது பத்திரிகைகளில் வந்தது. வெள்ளைக்காரன் குப்பையைக் கொட்டவும் நம் ஊர்தான்!

உள்ளே இருப்பவன் கதி என்ன? 2020 மே மாதம், ஊரடங்குக்காக மூடியிருந்த காகித ஆலை ஒன்றைத் திறப்பதற்கு முன் தொட்டியைக் கழுவினார்கள். சத்தீஸ்கர் ராஜ்யம், ராய்கர் ஜில்லா. 7 தொழிலாளிகள் விஷவாயு தாக்கி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். தேங்கிய கூழ் அழுகினால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு உண்டாகும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அதிகமானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. "நாற்றம் இல்லை, இறங்கு" என்று சொல்லும் மேஸ்திரி சாவுக்கு அனுப்புகிறார். வாயு அளக்கும் கருவியும், காற்று செலுத்தும் விசிறியும், கயிறும், மேலே ஓர் ஆளும் இல்லாமல் எந்தத் தோழரும் தொட்டியில் இறங்கக் கூடாது. கான்ட்ராக்ட் தொழிலாளிக்காக நிரந்தரத் தொழிலாளி இதைக் கேட்க வேண்டும். அவன் கேட்டால் நாளை வேலை இருக்காது.

ஆலை வாசலுக்குப் போவோம்

ஆலையை மூடு என்று நாம் சொல்லவில்லை. வாயை மூடு என்று நம்மிடம் சொல்ல யாருக்கும் உரிமையும் இல்லை. கரையோரத்துச் சங்கமும் ஆலைச் சங்கமும் தனித்தனியே மனுக் கொடுத்த காலம் போதும்.

அபாயக் கழிவு உண்டாக்கும் ஆலைகள், என்ன கழிவு, எவ்வளவு என்பதை வாசலில் பலகை எழுதி வைக்க வேண்டும் என்று 2003ல் சுப்ரீம் கோர்ட் வழக்கு ஒன்றில் உத்தரவாயிற்று. அந்தப் பலகையைப் போய்ப் படியுங்கள். இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேளுங்கள். கழிவுநீரை இரவும் பகலும் தானே அளக்கும் கருவியைக் காகித ஆலைகள் உள்பட 17 வகைத் தொழில்களில் பொருத்தும்படி 2014ல் மத்திய வாரியம் உத்தரவிட்டது. அந்த அளவு வாரியத்துக்குப் போகிறது. அந்தத் தண்ணீரில் நடவு நடுகிற பெண்ணின் கண்ணில் படுவதில்லை. அதைப் பஞ்சாயத்து ஆபீசில் தமிழில் எழுதிப் போடச் சொல்லுவோம்.

இன்னொரு விஷயம். நாமே பாட்டிலில் பிடித்த தண்ணீர் கோர்ட்டில் செல்லாது. 1974ஆம் வருஷத்துத் தண்ணீர்ச் சட்டப்படி வாரிய அதிகாரிதான் மாதிரி எடுக்க வேண்டும். வாரியம் அசையாவிட்டால் 60 நாள் நோட்டீஸ் கொடுத்து எந்தக் குடிமகனும் நேரே கோர்ட்டுக்குப் போகலாம். 1988ல் திருத்திய சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. ஆகவே கிளைத் தோழர்கள் வாரியத்துக்கு எழுதும்போது, மூன்று இடத்தில் மாதிரி எடுக்கும்படி கேளுங்கள்: ஆலைக்கு மேலே, கழிவு விழும் வாயில், ஒரு மைல் கீழே. தேதியை முன்னதாகச் சொல்லக் கூடாது என்றும் எழுதுங்கள். சொன்னால் அன்றைக்கு மட்டும் ஆறு பளிங்கு போல் ஓடும். மனுவில் முதல் கையெழுத்து ஆலைத் தோழருடையதாக இருக்கட்டும், அடுத்தது விவசாயத் தொழிலாளியுடையதாக இருக்கட்டும். மூன்றாவது கையெழுத்தைப் பழைய பேப்பர் கடைப் பெரியவர் போடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.